பெயர் காத்தவர்: மார்செலோ தெல் பிலாரின் வாழ்வும் மத்ரித் பிலிப்பினோக் குழுவின் பூசலும்

முன்னுரை

பிலிப்பைன்ஸ் நாட்டு மறுமலர்ச்சி எழுத்தாளர்களுள் ஹோசே ரிசால் தமிழ் வாசகர்க்கு ஓரளவு அறிமுகமானவர். அவரோடு சேர்த்தும் அவருக்கு எதிர்நிறுத்தியும் பேசப்படுகின்ற மார்செலோ எச். தெல் பிலார் (1850–1896) அந்த அளவு அறியப்பட்டவர் அல்லர். 1891-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினின் தலைநகரான மத்ரித்தில் வாழ்ந்த பிலிப்பினோக்கள் தங்களுக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்க முற்பட்டபோது, இவ்விருவரின் ஆதரவாளர்களும் இரண்டு அணிகளாகப் பிரிந்தனர். அந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே பிலாரை ரிசாலின் போட்டியாளர் எனச் சுருக்கிக் கூறும் வழக்கம் நிலைபெற்றுவிட்டது. பிலாரின் வாழ்க்கையை முறையாகத் தொடர்ந்து நோக்கினால் வேறொரு செய்தி புலப்படுகிறது. ரிசாலின் எழுத்தைத் தாய்மொழியில் மக்களிடம் கொண்டுசேர்த்தவரும், அவருடைய புதினம் தாக்கப்பட்டபோது முன்வந்து மறுப்பு எழுதியவரும் பிலாரே. அத்தகைய நட்பு எந்த இடத்தில் பழுதுற்றது, அதில் பிலாரின் பொறுப்பு எவ்வளவு என்பதை அவர் வாழ்க்கை வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

பிறப்பும் முதற் பகையும்

லூசோன் தீவின் புலாக்கான் மாநிலத்தில், கூப்பாங் என்னும் சிற்றூரில் 1850 ஆகஸ்டு 30 அன்று பிலார் பிறந்தார். தந்தை ஹூலியான் இலாரியோ ஊர்த்தலைவர் பதவியை மும்முறை வகித்தவர். தாய் பிளாசா காத்மைத்தான். குடும்பத்தின் பழைய பெயர் இலாரியோ என்பதே. மக்கள் அனைவரும் முறையான குடும்பப் பெயர் கொள்ளவேண்டும் என்று ஆளுநர் கிளாவெரியா 1849-இல் பிறப்பித்த ஆணையை ஒட்டியே தெல் பிலார் என்பது அதனோடு சேர்ந்தது. அரசாணையால் வந்த அப்பெயரின் எழுத்துகளையே இடம்மாற்றிப் பிளாரிடெல் என்னும் புனைபெயரை அவர் பிற்காலத்தில் ஆக்கிக்கொண்டார். உரோமன் எழுத்தில் எட்டும் எட்டுமாக, ஒன்று கூடாமலும் குறையாமலும் அப்புனைபெயர் அமைந்துள்ளது.

மணிலாவின் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றுகொண்டிருந்தபோது, 1869-இல், திருமுழுக்குச் சடங்கிற்குப் பங்குத்தந்தை கேட்ட கட்டணம் மிகுதி என வாதிட்டதற்காக முப்பது நாள் சிறை வைக்கப்பட்டார். படிப்பு இடையில் நின்றது. 1872-இல் காவித்தே கிளர்ச்சியை அடுத்து மூன்று உள்நாட்டுக் குருமார் தூக்கிலிடப்பட்டனர். குருவாக இருந்த பிலாரின் தமையன் தொரிபியோ மரியானாத் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டார். சபைத் துறவியர் மீது பிலார் கொண்ட பகை நூலறிவால் மட்டும் விளைந்தது அன்று என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளே போதும். 1878-இல் உறவினரான மார்சியானாவை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த ஏழு மக்களுள் சோபியா, அனித்தா என்னும் இருவரே பிழைத்தனர். 1880-இல் சட்டப்படிப்பு நிறைவுற்றது.

மொழிபெயர்ப்பாளராகத் தொடங்கிய நட்பு

1882-இல் மணிலாவில் ‘தியாரியோங் தகலோகு’ என்னும் இருமொழி நாளிதழ் தொடங்கப்பட்டது. அதன் தகலோகுப் பகுதியைப் பிலார் கவனித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில், ஸ்பெயினுக்குச் சென்றிருந்த இருபத்தொரு வயது மாணவர் ஒருவர் தாய்நாட்டுப் பற்றைப் பற்றி ஸ்பானிய மொழியில் எழுதி அனுப்பிய கட்டுரை அதில் வெளிவந்தது. அம்மாணவர் ரிசால். அக்கட்டுரையைத் தகலோகில் பெயர்த்தவர் பிலார். இருவரும் நேரில் பழகுவதற்கு முன்பே, ரிசாலின் குரல் அவர் மக்களைச் சென்றடைந்தது பிலாரின் மொழியில் என்பது நோக்கத்தக்கது. ரிசால் தம் புதினங்களை ஸ்பானியத்தில் எழுதினார். அவற்றைப் படிக்கவல்லோர் நாட்டில் மிகச் சிலர். பிலாரோ சேவற்சண்டைக் களங்களிலும் இறப்பு வீடுகளிலும் ஊர்த் திருவிழாக்களிலும் தகலோகில் பேசிப் பழகியவர். இவ்வேறுபாடு பின்னர் அவர்களுடைய அரசியல் வேறுபாட்டிற்கும் ஒரு வகையில் அடிப்படையாயிற்று எனலாம்.

ஓர் எழுத்தால் அமைந்த மறுப்பு

ரிசாலின் முதற் புதினமான ‘நோலி மே தாங்கெரே’ 1887-இல் பெர்லினில் அச்சாகி மணிலாவிற்கு வந்தது. அகுஸ்தீன் சபைத் துறவியான ஹோசே ரோத்ரிகெஸ், அதனைப் படிப்பது பெரும் பாவம் என எச்சரிக்கும் சிறு வெளியீடு ஒன்றை எழுதினார். அதன் தகலோகு வடிவத்தின் தலைப்பு ‘காயிஙாத் காயோ’; எச்சரிக்கையாய் இருங்கள் என்பது பொருள். 1888-இல் அதே அளவிலும் அமைப்பிலும் இன்னொரு வெளியீடு மக்களிடையே உலவியது. அதன் தலைப்பு ‘காயிகாத் காயோ’. விலாங்குபோல் இருங்கள் என்பது பொருள். தொலோரெஸ் மானாப்பாத் என்னும் புனைபெயரில் அதனை எழுதியவர் பிலார். துறவியின் நூல் என எண்ணிக் கையில் வாங்கியவர் படித்தது ரிசாலுக்கான மறுப்புரையை.

இரு தலைப்புகளுக்கும் உள்ள வேறுபாடு ஙகரம் ககரமாக மாறியது ஒன்றே. தமிழ் இலக்கணம் இவ்விரண்டையும் ஒரே இடத்தில் பிறக்கும் இன எழுத்துகளாகக் கொள்கிறது. மெல்லினம் வல்லினமாகத் திரிந்த அளவிலே எச்சரிக்கை எள்ளலாயிற்று. தமிழில் விலாங்கு என்றவுடன் பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் இரட்டை நடத்தையே நினைவிற்கு வரும். பிலார் அதன் வழவழப்பை மட்டுமே எடுத்துக்கொண்டார்: பிடிக்க வருபவன் கையிலிருந்து நழுவுக என்பதே அவர் மக்களுக்குச் சொன்ன அறிவுரை. ரிசாலும் பின்னர் இத்துறவியை எள்ளி எழுதினார். எனினும் மணிலாவிலேயே இருந்துகொண்டு, கைதாகும் அபாயத்திற்கு இடையில், மக்கள் மொழியில் மறுத்தவர் பிலார். அதுவரை அவர் ரிசாலிடமிருந்து எதனையும் பெற்றவர் அல்லர்.

அக்காலத்தின் மற்றொரு படைப்பு, நண்பர்களோடு சேர்ந்து ஆக்கிய ‘தசாலான் அத் தொக்சொகான்’. பரலோக மந்திரம், அருள் நிறைந்த மந்திரம், பத்துக் கற்பனைகள், மறைக்கல்வி வினாவிடை ஆகியவற்றின் ஓசையையும் சொல்லமைப்பையும் அப்படியே வைத்துக்கொண்டு சபைத் துறவியரின் பேராசையைச் சாடும் நூல் அது. எழுத்தறியாதவரும் செபங்களை மனப்பாடமாக அறிந்திருந்தமையால் இவ்வடிவத்திற்கு வாசகர் வட்டம் முன்னமே ஆயத்தமாக இருந்தது.

மனைவியையும் இரண்டு பெண்மக்களையும் விட்டு

நாடுகடத்தும் ஆணை தம்மை நோக்கி வருவதை அறிந்த பிலார், 1888 அக்டோபர் இறுதியில் கப்பலேறினார். 1889-இன் தொடக்கத்தில் பார்சலோனாவை அடைந்தார். அங்கு அவரை எதிர்கொண்ட மரியானோ போன்சே, அதே புலாக்கான் மாநிலத்தவர், மருத்துவ மாணவர், பிலாரின் எஞ்சிய ஏழாண்டு வாழ்க்கைக்கும் துணை நின்றவர். 1889 பிப்ரவரி 15 அன்று ‘லா சொலிதாரிதாத்’ என்னும் மாதமிருமுறை இதழ் பார்சலோனாவில் பிறந்தது. முதல் ஆசிரியர் கிராசியானோ லோப்பெஸ் ஹயேனா. அவ்வாண்டின் இறுதியில் இதழ் மத்ரித்துக்கு மாறிற்று. ஆசிரியப் பொறுப்பு பிலாரிடம் வந்தது.

இருவரின் நட்பு இக்காலத்தில் உச்சத்தில் இருந்தது. ஸ்பானியம் கற்க இரவுப்பள்ளி வேண்டுமென ஆளுநரிடம் துணிந்து விண்ணப்பித்த மலோலோஸ் ஊர் இளம்பெண்களுக்கு ஊக்கமூட்டி எழுதும்படி பிலார் கேட்டுக்கொண்டதன் பேரிலேயே ரிசால் அவர்களுக்குத் தம் புகழ்பெற்ற தகலோகுக் கடிதத்தை 1889 பிப்ரவரியில் எழுதினார். கலம்பாவில் ரிசாலின் குடும்பத்தார் உள்ளிட்ட குத்தகையாளர்கள் தொமினிக்கன் சபையின் நிலங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட வழக்கில், 1890-இல் மத்ரித்துக்கு வந்த ரிசாலுக்கு வழக்கறிஞராகத் துணைநின்றவரும் பிலாரே.

சகோதரத்துவமும் பூசலும்

மத்ரித்தில் இருந்த பிலிப்பினோக்கள் பல இழைகளால் கட்டுண்டிருந்தனர். ஸ்பானிய நண்பர்களையும் உள்ளடக்கிய பிலிப்பைன்ஸ் சங்கம் ஒருபுறம். ஃப்ரீமேசன் சகோதரத்துவ அமைப்பின் சொலிதாரிதாத் மன்றம் மறுபுறம். ரிசாலும் பிலாரும் அம்மன்றத்தின் உடன்பிறப்பினர். உறுப்பினர் ஒருவரை ஒருவர் சகோதரர் என விளிக்கும் அவ்வமைப்பில் பிறர் பெயருக்குக் களங்கம் விளைத்தல் விதிப்படியே குற்றம். ஆயினும் வாழ்ந்த நிலைமைகள் வேறு. பெரும்பாலோர் இளைஞர், ஊரிலிருந்து வரும் பணத்தை எதிர்நோக்கிய மாணவர். சிலர் சூதாட்டத்திலும் கேளிக்கையிலும் பொழுதைக் கழித்தனர். ரிசால் பெல்ஜியத்திலிருந்தே இதனைக் கண்டித்துப் பிலாருக்கு எழுதினார். கண்டிக்கப்பட்டவர்கள் பெப்பே என்னும் அவருடைய செல்லப்பெயரைப் பாப்பா எனத் திரித்து, போப்பாண்டவர் என்னும் பொருள்படக் கேலி செய்தனர் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் கூறுவர்.

இக்கேலிகளைக் கடந்து, பூசலின் கரு இதழைப் பற்றியது. மத்ரித்தில் வாழும் பிலிப்பினோக்களின் குழுவே இதழின் கொள்கையை வகுக்கவேண்டும் என்பது ரிசாலின் கருத்து. இதழுக்குப் பணம் அனுப்புவது மணிலாவிலுள்ள பிரசாரக் குழு. ஆகவே அது மத்ரித் குழுவுக்குக் கட்டுப்படாமல் தனித்தே இயங்கவேண்டும் என்பது பிலாரின் கருத்து. இரண்டிற்கும் காரணம் உண்டு. மாணவர் கூட்டத்தின் நாள்தோறும் மாறும் மனநிலைக்கு ஓர் இதழை ஒப்படைப்பது அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும் என்பதைப் பத்திரிகைத் தொழில் அறிந்த பிலார் உணர்ந்திருந்தார். ரிசாலோ கட்டுப்பாடான ஓர் இயக்கத்தை நாடினார். தனியொருவர் கையில் இதழ் இருப்பது அதற்குத் தடை.

1890-இன் இறுதி நாளில் கூடிய விருந்திற்குப் பின், பொறுப்பாளர் என்னும் தலைமைப் பதவியை உருவாக்கவும், மூன்றில் இரண்டு பங்கு வாக்குப் பெற்றவரே அதற்குரியவர் எனவும் முடிவாயிற்று. 1891 பிப்ரவரி முதல் வாரத்தில் தேர்தல் நடந்தது. வாக்கெடுப்பு மூன்று நாள் நீண்டது. ரிசாலியர், பிலாரியர் எனப் பிரிந்த இரு அணிகளும் விட்டுக்கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் மரியானோ போன்சே எழுந்து, பிலாரின் ஆதரவாளர்களை ரிசாலுக்கு வாக்களிக்க வேண்டினார். சிலர் அதற்கு இசைந்தனர்; ரிசால் வென்றார்.

போன்சேயின் இச்செயல் தனித்து நோக்கத்தக்கது. பிலாரோடு நாள்தோறும் இதழ்ப்பணியைப் பகிர்ந்துகொண்டவர் அவர். பிலாரின் மனத்திற்கு மாறாக அவர் இதனைச் செய்திருப்பார் எனக் கொள்வது கடினம். இதற்குப் பின்னரும் அவர்களது நட்பில் விரிசல் இல்லாமை அக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. பிலார் பதவியை நாடிப் போராடினார் என்னும் வழக்கமான சித்திரம் இவ்விடத்தில் பொருந்தவில்லை.

ஆனால் ரிசாலை அவ்வெற்றி மகிழ்விக்கவில்லை. மூன்று நாள் பேரத்தால் வந்த தலைமையை அவர் மதிக்கவில்லை. விரைவில் மத்ரித்தை விட்டு பிரான்சின் பியாரித்ஸ் நகருக்குச் சென்று, தம் இரண்டாம் புதினமான ‘எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ’வை மார்ச் இறுதியில் முடித்தார். இயக்கம் அளித்த உதவித்தொகையைத் துறந்தார். லா சொலிதாரிதாத்திற்கு எழுதுவதையும் நிறுத்தினார். அவ்வாண்டு ஆகஸ்டு 7 அன்று பிலார் தாமே முந்திக் கடிதம் எழுதினார்: தம்மால் குறை நேர்ந்திருந்தால் பொறுக்குமாறும் மீண்டும் எழுதுமாறும் வேண்டினார். பதினொரு வயது மூத்தவர், தோற்ற அணியின் தலைவர், மன்னிப்புக் கேட்டு எழுதுவது எளிதன்று. ரிசால் பகை ஏதும் இல்லை என மறுமொழி தந்தார். எழுத மட்டும் இசையவில்லை. அக்டோபரில் நண்பர் பெர்டினாண்ட் புளூமென்ட்ரிட்டும் இதே வேண்டுகோளை வைத்தபோது, தம் திட்டங்களைத் தம்மவரே மறைவில் எதிர்த்தனர் என்னும் மனக்குறையை ரிசால் வெளிப்படையாகவே அவருக்குத் தெரிவித்தார். அந்தக் குறை பிலார் ஒருவரைச் சுட்டியது என்பதைவிட அவரைச் சூழ்ந்திருந்தோரைச் சுட்டியது என்பதே பொருத்தம்.

ஆசிரியரின் பிழை

பிலாரின் பெயருக்கு நேர்ந்த மெய்யான பழுது தேர்தலால் அன்று. 1892 ஏப்ரல் 15 இதழால். எழுத்தாளர்களுள் ஒருவரான எதுவார்தோ தெ லெத்தே, தன்னை நாட்டின் மீட்பராகக் கருதிக்கொண்டு மக்களைப் போருக்கு அழைக்கும் கற்பனைத் தலைவன் ஒருவனை நகையாடி எழுதினார். ஹாங்காங்கில் இருந்த ரிசால், அவ்வுருவத்தில் தம்மைக் கண்டார். தாம் தாயகம் திரும்ப முனைந்திருந்த வேளையில், தாம் உழைத்து வளர்த்த இதழே தம்மை இழித்துரைத்தது என்பது அவருக்குப் பெரும் வேதனை. அவ்வேதனையை அவர் கொட்டியது போன்சேக்கு எழுதிய கடிதத்தில்.

பிலார் அதற்குத் தாமே விளக்கம் எழுதினார். கட்டுரை ரிசாலைக் கருதி எழுதப்பட்டதன்று என்றும், லெத்தேக்கு அத்தகைய எண்ணம் இல்லை என்றும் அவர் உறுதி கூறினார். ஒரு நண்பரின் பெயரைக் காக்கும் முயற்சியில் இன்னொரு நண்பரின் புண்ணை இல்லை என்று சொல்லவேண்டிய நெருக்கடி அது. லெத்தேயின் உள்ளம் எதுவாயினும், மத்ரித்தில் அதனைப் படித்த எவரும் யாரை நினைத்திருப்பார் என்பதை, ஓர் எழுத்தை மாற்றிப் பொருளைக் கவிழ்க்கத் தெரிந்த ஆசிரியர் அறியாதிருந்தார் என ஏற்க இயலாது. அச்சுக்குப் போகும் முன் படிக்கும் கடமை அவருடையது. இவ்வொன்றில் பிலாரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதற்கில்லை.

பிலாரின் விளக்கம் எழுதப்பட்ட ஜூலை மாதத்திற்குள் நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. ரிசால் ஜூன் 26 அன்று மணிலாவை அடைந்தார். ஜூலை 3 அன்று லீகா பிலிப்பினா என்னும் அமைப்பைத் தொடங்கினார். ஜூலை 6 அன்று கைதானார். ஜூலை 17 அன்று தபித்தானில் கரையிறக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டவராக வாழத் தொடங்கினார். சமாதானம் பேச இருவருக்கும் இனிக் காலம் வாய்க்கவில்லை. லா சொலிதாரிதாத் அந்நாடுகடத்தலைக் கண்டித்து எழுதியது. பூசலின் சுவடு அவ்வெழுத்துகளில் இல்லை.

பசியும் கடைசிப் பயணமும்

ரிசால் பிடிபட்ட அதே நாட்களில், ஜூலை 7 அன்று, மணிலாவில் கத்திப்புனான் என்னும் புரட்சி அமைப்பு மறைவாகத் தோன்றியது. அதன் முதல் தலைவர் பிலாரின் மைத்துனர் தேயோதாதோ அரெல்யானோ. சீர்திருத்தத்தைக் கோரிய இதழுக்குப் பணம் குறைந்தது. பிலார் மாணவரைப்போல் ஊர் திரும்ப முடியாதவர். மனைவிக்கும் மக்களுக்கும் அவர் எழுதிய நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்களில், வீட்டுக்கு வருவது பற்றிய கனவு ஓயாமல் மீளுகிறது. குளிர்காலத்தில் உண்ண இன்றித் தெருவில் கிடந்த சுருட்டுத் துண்டுகளைப் பொறுக்கிப் புகைத்துப் பசியை மறந்தார் என்பர். 1895 நவம்பர் 15 இதழோடு லா சொலிதாரிதாத் நின்றது.

தாயகத்திற்கு அருகிலிருந்து பணியைத் தொடரும் எண்ணத்துடன் போன்சேயோடு பார்சலோனாவுக்குச் சென்றார். அங்கே காசநோய் முற்றியது. 1896 ஜூலை 4 அன்று பொது மருத்துவமனையில் இறந்தார், வயது நாற்பத்தைந்து. அவ்வாண்டு ஆகஸ்டில் புரட்சி வெடித்தது. டிசம்பர் 30 அன்று ரிசால் சுட்டுக்கொல்லப்பட்டார். பகைவர் எனப் பேசப்பட்ட இருவரின் இறப்புக்கும் இடையில் ஆறு மாதம்கூட இல்லை.

இறப்பதற்குச் சில மாதம் முன்பு, கத்திப்புனான் தன் இதழான ‘கலாயான்’ என்பதை வெளியிட்டது. மணிலாவில் மறைவாக அச்சான அவ்விதழ், யோகோஹாமாவில் அச்சிடப்பட்டதாகவும் மார்செலோ தெல் பிலார் அதன் ஆசிரியர் எனவும் போலியாகக் குறித்தது. காவலரின் கண்ணைத் திருப்ப அவர் பெயர் கேடயமாயிற்று. ஸ்பெயினில் நோயுற்றிருந்த பிலாருக்கு அவ்விதழில் பங்கேதும் இல்லை.

போன்சே புரட்சி தொடங்கியதும் ஸ்பெயினில் கைதாகி விடுவிக்கப்பட்டு, ஹாங்காங்குக்கும் அங்கிருந்து புரட்சி அரசின் பேராளராக ஜப்பானுக்கும் சென்றார். தாயகம் திரும்பிய பின் பிலிப்பைன்ஸ் வரலாற்று நாட்குறிப்புகளை ஹைமே தெ வெய்ராவுடன் சேர்ந்து எழுதி, மறைந்த தோழர்களின் வாழ்க்கையைப் பதிவு செய்தார். 1918-இல் ஹாங்காங்கில் இறந்தார். பிலாரின் எலும்புகள் 1920 டிசம்பரில் மணிலாவை வந்தடைந்தன. அவருடைய கடிதங்கள் இரு தொகுதிகளாக 1955-லும் 1958-லும் அச்சாயின.